இராவணா-1 என்ற ஒரு கிலோ செய்மதியும் எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறையும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை, வாசிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பழைய மாணவர்களும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சகோதரர்களும் பாடசாலைக்குக் கொஞ்சம் பணம் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்யட்டும். அதை வைத்து என்ன செய்வது என்று ரெண்டு வாரமாக எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் பேச்சு ஓடுகிறது. வீதியோரம் பெரிய நுழைவாயில் வளைவு கட்ட வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் விஞ்ஞான அறையைத் திருத்தித் திறக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தச் சிலரில் ஒருவர். ஏன் என்று விளக்குவதற்கு உங்களை 400 கிலோமீற்றர் உயரத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

போன தவணை தரம் 9 வகுப்பில், "இலங்கை எப்போதாவது செய்மதி விட்டிருக்கிறதா?" என்று கேட்டேன். ரெண்டு பிள்ளைகள்தான் கை தூக்கினார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு மட்டும் பெயர் தெரிந்திருந்தது: இராவணா-1.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தச் செய்மதி ரொக்கெட்டில் ஏறியது எங்கள் நேரப்படி 2019 ஏப்ரல் 18ஆம் திகதி அதிகாலை ரெண்டே கால் மணியளவில். மூன்று நாள் கழித்து ஏப்ரல் 21. அந்த ஞாயிறு நாட்டுக்கு என்ன நடந்தது, அதன் பிறகு வந்த வாரங்கள் எங்கள் ஊர்களில் எப்படிப் போயின என்பதை நான் எழுதத் தேவையில்லை. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்கூட முடக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. அந்தக் கலவரத்துக்குள் நாட்டின் இந்தச் சின்னச் சந்தோஷம் எங்கள் காதுக்கு வராமலே போய்விட்டது. இத்தனை வருடம் கழித்தாவது அதைப் பேசுவோம்.

அது என்ன சாமான்?

செய்மதி என்றதும் பஸ் அளவு இயந்திரம் ஒன்று மனதில் வரும். இராவணா-1 அப்படி இல்லை. 10 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 11.3 உயரம். நிறை 1.05 கிலோகிராம். ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைக் கையில் பிடித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் கமரா, பெட்டரி, ஒரு சின்னக் கணினி, ரேடியோ, வெளிப்புறம் முழுக்க சோலார் கலங்கள்.

அதை உருவாக்கியவர்கள் ரெண்டு இலங்கைப் பொறியியலாளர்கள்: தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்கா. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்துக்கொண்டே உருவாக்கினார்கள். இங்கே மொரட்டுவை கட்டுபெத்தையில் இருக்கும் ஆதர் சீ கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகம் அதற்குத் துணையாக நின்றது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள வொலொப்ஸ் தளத்திலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன சிக்னஸ் விண்கலத்தில் ஒரு மூலையில் வைத்து அனுப்பப்பட்டது. ரெண்டு மாதம் நிலையத்துக்குள் இருந்தது. 2019 ஜூன் 17ஆம் திகதி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலிருந்து வெளியே விடப்பட்டது. அதனோடு கூட வந்தவை நேபாளத்தின் நேபாளிசாட்-1, ஜப்பானின் உகுயிசு. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த சகோதரப் பெட்டிகள்.

வேகம் செக்கனுக்கு ஏழரை கிலோமீற்றருக்கு மேல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் முழு நீளத்தையும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கடக்கும் வேகம் அது. தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றும். எங்களுக்கு ஒரு நாள் முடிவதற்குள் அது பதினைந்து பதினாறு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டுவிடும்.

எதற்காக அனுப்பினார்கள்?

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். இராவணா-1 ரீவி அலைவரிசை தருவதற்கோ போன் கவரேஜ் தருவதற்கோ அனுப்பப்பட்டதல்ல. அது ஒரு பரீட்சார்த்த செய்மதி. சரிவருமா வராதா என்று பார்ப்பதே அதன் வேலை.

பெரிய தொலைத்தொடர்புச் செய்மதி ஒன்று ஆயிரக்கணக்கான கிலோ நிறை. செலவு பல கோடி டொலர். அதற்குள் யாரும் இதுவரை விண்வெளியில் பரீட்சித்துப் பார்க்காத ஒரு பாகத்தைப் பொருத்தத் துணிய மாட்டார்கள். பொருத்தி அது பழுதானால் மேலே போய்த் திருத்த மெக்கானிக் கிடையாது. ஆனால் யாரோ ஒருவர் எப்போதாவது முதல் தடவை பரீட்சித்துப் பார்க்காவிட்டால் எந்தப் புதிய பாகமும் நம்பிக்கைக்கு வராது. இந்தச் சிக்கலுக்குத்தான் சின்னச் செய்மதிகள். பழுதானாலும் தாங்கக்கூடிய செலவில் ஒன்றை அனுப்பி, புதிய விஷயத்தை அதில் சோதித்துப் பார்ப்பது.

இராவணா-1இல் சோதிக்க வைத்திருந்தவற்றில் நாலைச் சொல்கிறேன்.

ஒன்று, கமரா. இலங்கையையும் சுற்றுவட்டாரத்தையும் மேலிருந்து படம் பிடிப்பது. ஒரு கிலோ பெட்டிக்குள் அடங்கும் கமராவால் எவ்வளவு முடியும் என்று பார்ப்பது.

ரெண்டு, லோரா. இது மிகக் குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் ஒரு ரேடியோ முறை. காட்டுக்குள் ஒரு ஆற்றங்கரையில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று வைப்போம். அங்கே போன் சிக்னல் கிடையாது. அந்தக் கருவி ஒரு சின்னப் பெட்டரியில் இயங்கி, தலைக்கு மேலே செய்மதி போகும்போது "நீர் இவ்வளவு ஏறிவிட்டது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? மாரி மழை தொடங்கினால் தூக்கம் போகும் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. அதற்கான ரேடியோப் பாகம் விண்வெளியில் வேலை செய்யுமா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

மூன்று, திசை பிடித்தல். மேலே விட்ட பெட்டி பம்பரம் மாதிரி உருண்டுகொண்டே இருக்கும். கமரா பூமியைப் பார்க்க வேண்டிய நேரம் பார்த்து அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் படம் இல்லை. பெட்டி எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அடக்கிச் சரியான பக்கம் திருப்புவது எப்படி என்ற சோதனை.

நாலு, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் தாய்ப்பலகை. வழமையாக எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று அதில் நிரந்தரமாக வரைந்துவிடுவார்கள். அடுத்த செய்மதிக்கு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் பலகையையே புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக, மென்பொருளை மாற்றினாலே இணைப்புகள் மாறும்படி ஒரு பலகையைச் செய்து பார்த்தார்கள். சரிவந்தால் அடுத்து வருகிறவர்களுக்குப் பல மாத வேலை மிச்சம்.

இந்த நாலையும் ஒருக்கால் திரும்ப வாசியுங்கள். எல்லாமே அடுத்து வருகிறவர்களுக்காகச் செய்து பார்த்தவை.

கைவேலை

இந்த வகைச் சின்னப் பெட்டிக்குக் கியூப்சாட் என்று பெயர். 1999இல் அமெரிக்காவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பொப் டுவிக்ஸ் என்ற ரெண்டு பேராசிரியர்கள் இந்த 10 சென்ரிமீற்றர் அளவைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் நோக்கம் பணம் அல்ல. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் படிப்பு முடிவதற்குள் ஒரு செய்மதியைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான். அந்த மாணவர் வேலைக்கான அளவு இன்று உலகம் முழுக்கப் பரவி, நாஸா செவ்வாய்க்கு அனுப்பிய பயணத்தில்கூட ரெண்டு கியூப்சாட்கள் கூடப் போயிருக்கின்றன. அது 2018இல்.

பல கியூப்சாட்களில் அன்டெனா எதனால் செய்திருக்கிறது தெரியுமா? மேசன் பாஸ் இடுப்பில் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பினால். மடித்துக் கட்டிவிட்டால் அடங்கி இருக்கும், அவிழ்த்தால் சட்டென்று நேராக நிமிர்ந்துவிடும். எதனால் கட்டுவார்கள்? மீன்பிடிக்கும் தங்கூசி போன்ற ஒரு நூலால். விண்வெளியில் அதை அவிழ்ப்பது யார்? நூலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கும். நிலையத்திலிருந்து வெளியே வந்து அரை மணித்தியாலம் பொறுத்திருந்துவிட்டு, கம்பியில் மின்சாரம் பாயும். கம்பி சூடாகி நூலை எரிக்கும். அன்டெனா விரியும். நூல் எரியாவிட்டால் அத்தனை பேர் உழைத்த உழைப்பும் ஊமைப் பெட்டியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் மேலே அனுப்புவதற்கு முன் அந்தப் பெட்டியைப் படுத்தாத பாடு படுத்துவார்கள். முதலில் சோதனைக்கென்றே ஒரு மாதிரி செய்வார்கள். அதில் பிழைகளைக் கண்டுபிடித்த பிறகுதான் பறக்கப்போகும் பெட்டி. ரொக்கெட்டின் அதிர்வைத் தாங்குமா என்று ஆட்டும் மேசையில் வைத்து ஆட்டுவார்கள். காற்றை உறிஞ்சிய அறைக்குள் வைத்துச் சூடாக்குவார்கள், குளிராக்குவார்கள். எதைச் செய்தோம், என்ன நடந்தது, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைப்பார்கள்.

கியூஷு நிறுவகத்தின் இந்தத் திட்டத்துக்கு பேர்ட்ஸ் என்று பெயர். முதல் சுற்றில் 2017இல் பங்களாதேஷ், கானா, மொங்கோலியா, நைஜீரியா நாட்டு மாணவர்கள் ஜப்பானியர்களோடு சேர்ந்து செய்தார்கள். ரெண்டாவது சுற்றில் 2018இல் பூட்டான், மலேசியா, பிலிப்பைன்ஸ். மூன்றாவது சுற்றில் நாங்களும் நேபாளமும். பிறகு பராகுவே, உகண்டா, சிம்பாப்வே எல்லாம் வந்தன. பட்டியலைப் பாருங்கள், பணக்கார நாடுகளின் பட்டியல் இல்லை இது. பூட்டானின் மொத்தச் சனத்தொகை பத்து லட்சம்கூட இல்லை. ரெண்டு வருடத்தில் மாணவர்கள் செய்மதியைத் திட்டமிட்டு, செய்து, சோதித்து, இயக்கவும் கற்றுக்கொண்டு நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம்.

தோல்விக் கணக்கு

இப்போது தோல்வியைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் ஊரில் பேசப் பிடிக்காத விஷயம்.

இந்தியாவின் முதல் செய்மதி ஆரியபட்டா. 1975 ஏப்ரல் 19இல் சோவியத் ரொக்கெட்டில் போனது. 360 கிலோ. மேலே போய் ஐந்து நாளுக்குள் மின்சாரக் கோளாறு வந்து, அதில் வைத்திருந்த விஞ்ஞானப் பரிசோதனைகள் நின்றுபோயின. எங்கள் ஊர்க் கணக்கில் இது ஃபெயில். ஆனால் அதைச் செய்தவர்கள் அடுத்தடுத்த செய்மதிகளைச் செய்தார்கள். அதே நாடு 2001 ஒக்டோபரில் ஐரோப்பாவின் புரோபா-1 என்ற பரீட்சார்த்த செய்மதியைத் தன் ரொக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிக் கொடுத்தது. 94 கிலோ எடையுள்ள அந்த புரோபா ரெண்டு வருடச் சோதனைக்கென்று போனது. இருபது வருடம் வேலை செய்தது.

இன்னொன்று, எங்கள் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டியது. 2022இல் இந்தியாவில் 75 அரச பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட் என்ற சின்னச் செய்மதிக்குள் வைக்கும் பாகங்களைச் செய்தார்கள். சென்னையில் இருக்கும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பு அதை வழிநடத்தியது. பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். 2022 ஓகஸ்ட் 7ஆம் திகதி இந்தியாவின் புதிய சிறிய ரொக்கெட்டின் முதல் பயணத்தில் அது போனது. ரொக்கெட் நன்றாகத்தான் எழும்பியது. கடைசிக் கட்டத்தில் சென்சர் பிரச்சினையால் செய்மதிகள் பிழையான பாதையில் விடப்பட்டன. 356 கிலோமீற்றர் வட்டப் பாதையில் விட வேண்டியது, ஒரு பக்கம் பூமிக்கு 76 கிலோமீற்றர் வரை இறங்கும் நீள்வட்டப் பாதையில் விழுந்தது. அவ்வளவு தாழ்வாக இறங்கினால் வளிமண்டலம் இழுத்துக்கொள்ளும். 750 பிள்ளைகளின் உழைப்பும் போய்விட்டது.

என்ன செய்தார்கள்? "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வேலை" என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆசாதிசாட்-2 செய்தார்கள். ஆறு மாதத்தில், 2023 பெப்ரவரி 10ஆம் திகதி, அதே வகை ரொக்கெட்டின் ரெண்டாவது பயணத்தில் அது சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. முதல் ரொக்கெட்டில் என்ன பிழை என்று கண்டுபிடித்துத் திருத்தியதால்தான் ரெண்டாவது போனது.

எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை செய்த பரிசோதனை சரிவராவிட்டால் என்ன நடக்கிறது? புத்தகத்தில் இருக்கும் விடையைப் பார்த்து எழுதிவிடுகிறது. வெப்பமானியில் 96 பாகை காட்டினாலும் கொப்பியில் 100 பாகை. ஏனென்றால் பரீட்சைக்குப் புள்ளி 100 பாகைக்குத்தான். "ஏன் 96 வந்தது?" என்ற கேள்வியிலிருந்துதான் விஞ்ஞானம் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வெப்பமானியாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா? எங்கள் பிள்ளைகளில் பலர் முகவையையும் சோதனைக் குழாயையும் படத்தில் பார்த்தே சாதாரண தரம் எழுதுகிறார்கள். பிறகு ஏஎல் வரும்போது, "சயன்ஸ் கஷ்டம், ஆர்ட்ஸ் செய்" என்று நாங்களே சொல்கிறோம். கலைப்பிரிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. விரும்பி எடுப்பது வேறு, வேறு கதவு திறக்காததால் எடுப்பது வேறு.

கேட்கப்படும் கேள்விகள்

"அது ஜப்பான்காரன் செய்து, அமெரிக்காக்காரன் ஏற்றியது. எங்களுக்கு என்ன பெருமை?" என்று கேட்பீர்கள். ரொக்கெட் எங்களுடையது இல்லை, ஆய்வுகூடம் எங்களுடையது இல்லை, உண்மை. பெருமைக்காக நான் இதை எழுதவில்லை. அந்த ரெண்டு பேரும் தொழில் பழகப் போனார்கள். கார்ப்பென்டர் பாஸிடம் வேலை பழகும் பொடியன் முதல் வருடம் பாஸின் உளியைத்தான் பிடிப்பான். அதற்காக அவன் பழகிய வேலை அவனுடையது இல்லை என்று யாராவது சொல்வோமா?

"சாப்பாட்டுக்கே கஷ்டம், இதில் செய்மதியா?" இதுவும் நியாயமான கேள்வி. 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற ஒரு நாட்டில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் வரிசையில் நின்ற அந்த நாட்களிலும் எங்கள் மீனவர்கள் கடலுக்குப் போக முன் காலநிலை பார்த்தார்கள். அந்தத் தகவலில் பெரும்பகுதி செய்மதிகளிலிருந்துதான் வருகிறது. போட்டில் இருக்கும் ஜீபிஎஸ் செய்மதியிலிருந்துதான் வருகிறது. நாங்கள் தினமும் பாவிக்கும் ஒன்றை வேறு யாரோ செய்து தருகிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். அத்தோடு, நான் ஊர்ப் பணத்தில் செய்மதி விடச் சொல்லவில்லை. சோதனைக் குழாய் வாங்கச் சொல்கிறேன்.

"படித்து விட்டால் வெளிநாடு போய்விடுவார்கள்." போகட்டும். நுழைவாயில் கட்ட இன்று பணம் அனுப்பியவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்கள்தானே. படித்துவிட்டுப் போகிறவன் படிக்காமல் போகிறவனை விட நல்ல சம்பளத்துக்குப் போவான். நாலு பேரைக் கூப்பிட்டும் எடுப்பான்.

இன்னும் ஒன்றைத் துணிந்து சொல்கிறேன். மீலாத் விழா என்றால், பரிசளிப்பு விழா என்றால், எங்கள் மேடைகளில் இப்னு ஹைத்தமின் பெயர் வராமல் இருக்காது. பஸ்ராவில் பிறந்தவர், ஆயிரம் வருடத்துக்கு முன் ஒளியைப் பற்றி எழுதியவர், கமராவின் தத்துவத்தை விளக்கியவர் என்று பேசுவோம், கைதட்டுவோம். அவரை உலகம் இன்றும் மதிப்பது எதற்காக? பழைய பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல், இருட்டறையும் சின்னத் துவாரமும் வைத்துச் செய்து பார்த்தே முடிவு சொன்னதற்காக. அவருடைய பெயரை மேடையில் சொல்லிவிட்டு, பரிசோதனை செய்யும் அறையைப் பூட்டி, உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு ஆணியும் எண்ணெய்த் தாளும் இருந்தால் அவர் செய்த பரிசோதனையை தரம் 7 பிள்ளை செய்துவிடும்.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. சேர்ந்திருக்கும் பணத்தில் செய்யக்கூடியதை எழுதுகிறேன்.

முதலாவது, அறையைத் திறப்பது. கூரை ஒழுக்கு, வயரிங், தண்ணீர்க் குழாய், ரெண்டு நீள மேசை, அடிப்படைக் கருவிகள். வாரத்தில் ரெண்டு பின்னேரம் எல்லாத் தரங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வசதியான நேரம் தனியாக ஒதுக்க வேண்டும். அந்த ரெண்டு பின்னேரமும் பொறுப்பாக நிற்க நான் தயார். இன்னும் ரெண்டு ஆசிரியர்களும் சம்மதித்திருக்கிறார்கள்.

ரெண்டாவது, கேன்சாட். கியூப்சாட்டைக் கொண்டுவந்த அதே பொப் டுவிக்ஸ்தான் அதற்கு முன் இந்த யோசனையையும் சொன்னவர். சோடா டின் அளவுள்ள ஒரு பொருளுக்குள் வெப்பமும் காற்றழுத்தமும் அளக்கும் சின்னச் சென்சர், ஒரு பெட்டரி, ஒரு பரசூட். உயரத்திலிருந்து விட்டால், இறங்கி வரும் வரை அளந்து பதிய வேண்டும். உலகில் பல நாடுகளில் பாடசாலைப் பிள்ளைகள் இதில் போட்டி நடத்துகிறார்கள். எங்களுக்கு மாடிக் கட்டடம் இருக்கிறது, பெரியவர்கள் கூட நின்று அங்கிருந்து விடலாம். முதல் பரசூட் விரியாது. டின் நசுங்கும். நசுங்கட்டும். அதற்காகத்தானே டின்.

மூன்றாவது, கேட்பது. சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலாகவும் போகிறது. அதிலிருந்து அமெச்சூர் வானொலி அலைவரிசையில், 145.800 மெகாஹேர்ட்ஸில், சில நாட்களில் படங்களும் பேச்சும் அனுப்புகிறார்கள். கணினியில் செருகும் ஒரு சின்ன ரிசீவரும், அளவு டேப்பில் செய்த அன்டெனாவும் இருந்தால் அதைப் பிடிக்கலாம். சட்டப்படி என்ன அனுமதி வேண்டும் என்று அதிகாரிகளிடம் முதலில் எழுத்தில் கேட்போம், பிறகு செய்வோம். எங்கள் ஊருக்கு அந்த எச்சரிக்கை தேவை என்பது உங்களுக்கே விளங்கும். ஒரு தடவை நிலையம் மேலே போகும் நேரம் ஆகக் கூடினால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக நேரம் கணித்து, திசை கணித்து, அன்டெனா பிடித்து நிற்கும் பிள்ளைக்கு, கோணமும் அலைநீளமும் எதற்குப் படிக்கிறோம் என்று நான் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்காது.

நாலாவது, பரிசளிப்பு விழாவில் ஒரு புதிய பரிசு. ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குக் கொடுப்போம், மாஷா அல்லாஹ், கொடுக்கத்தான் வேண்டும். அதே மேடையில், தான் செய்தது ஏன் சரிவரவில்லை என்று மிக நேர்மையாக எழுதிய பிள்ளைக்கும் ஒரு பரிசு கொடுப்போம்.

இதற்கு ஊரில் ஆளில்லை என்று சொல்லாதீர்கள். போன் திருத்தும் எங்கள் தம்பிமார் நுளம்பு அளவு பாகத்தைச் சோல்டர் பண்ணுகிறார்கள். கியூப்சாட் செய்பவனுக்கும் அந்தக் கைதான் வேண்டும். வயரிங் நாநாமார் இருக்கிறார்கள். ஜீபிஎஸ் பார்த்து நடுக்கடல் போய் வரும் மீனவர்கள் இருக்கிறார்கள். அகலாங்கு நெட்டாங்கு பாடத்தை அவர்களில் ஒருவர் வந்து அரை மணித்தியாலம் பேசினால், நான் ஒரு வாரம் படிப்பிப்பதை விட நன்றாக ஏறும். தையல் மெஷின் வைத்திருக்கும் ராத்தாமார் பரசூட் தைத்துத் தருவார்கள். மாதத்தில் ஒரு பின்னேரம் தந்தால் போதும்.

இராவணா-1 இப்போது மேலே இல்லை. அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அது மெதுமெதுவாக இழுத்து, சுமார் ரெண்டு வருடத்தில், 2021இல், வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்து போனது. ஒன்றரை வருடம் இருந்தால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். பெட்டி போய்விட்டது. அதைச் செய்யத் தெரிந்தவர்களும், செய்து பார்த்து எழுதி வைத்த குறிப்புகளும் மிச்சம். பாடசாலைக்குச் செலவழிக்கும் பணத்தையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்து வருடம் கழித்து எது மிச்சமிருக்கும்?

நுழைவாயில் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் உள்ளே வருவதற்கு இப்போதிருக்கும் கேட் போதும். உள்ளே வந்த பிறகு செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. முதலில் அறை, பணம் மிஞ்சினால் வளைவு.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. வாப்பாமார் மட்டுமல்ல, உம்மாமாரும் வர வேண்டும். பிள்ளை விஞ்ஞானம் படிப்பதா விடுவதா என்று வீட்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் நீங்கள்தான். என் கருத்தோடு உடன்படாதவர்கள் கட்டாயம் வாருங்கள். வளைவுக்கான மதிப்பீட்டைக் கொண்டுவாருங்கள், அறைக்கான மதிப்பீட்டை நான் கொண்டுவருகிறேன். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அமைதியாகப் பேசி முடிவெடுப்போம்.

வர முடியாதவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவர்கள், உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். மின்னியல், கணினி, ரேடியோ வேலை தெரிந்தவர்கள் எந்த நேரத்தில் உதவலாம் என்று இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.